மலைமழையும் காமிராக் கண்ணும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் போதும். காமிரா வைத்திருக்கும் நண்பர்கள் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகின்றனர். கருவியைத் துடைத்துத் தோல்பையில் இட்டு, பையைப் பெட்டியில் இட்டு, பெட்டியைக் கட்டிலின் கீழே தள்ளிவிடுகின்றனர். "மழை ஓயட்டும், மார்கழியில் பார்த்துக்கொள்வோம்" என்கின்றனர். இதனை முன்யோசனை என்று பாராட்டுவோரும் உளர். யான் பாராட்டேன். மழைக்கு அஞ்சிப் பூட்டி வைத்த லென்ஸ்தான் மழைக்காலத்தில் மிகுதியும் கெடுகிறது என்பது என் துணிபு.

நண்பர்காள்! நம்மில் பலர் மலையோரத்து மக்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டு எல்லையிலிருந்து வந்தோர் ஒருபால். மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி என்று இடுக்கி மலைமேலிருந்து வந்தோர் ஒருபால். நம் ஊர்களின் மழையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். மழை மறைவில் கிடக்கும் சின்னாற்றையும் மறையூர்ப் பக்கத்தையும் விட்டுவிட்டால், மற்ற இடங்களில் ஆண்டில் பாதி ஈரம்தான். மழை விட்டபின் படமெடுப்போம் என்பவர் பாதி ஆண்டைத் துறக்கிறார். மலையின் உண்மையான முகத்தையும் துறக்கிறார். குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வைத்த நம் முன்னோர், மலையை எப்போது காண வேண்டும் என்று அறியாமலா வைத்தனர்?

இனி, லென்ஸ் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். முன்கண்ணாடியில் நாலு துளி விழுந்தால் குடி முழுகிவிடாது. தூய மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போயிற்று. தேய்க்கக்கூடாது, ஒற்ற வேண்டும். நீர் இறங்கினால் ஆபத்தான இடங்கள் வேறு. சூம் செய்யும்போது நீண்டு சுருங்கும் குழலின் இடுக்கு ஒன்று. லென்ஸும் காமிராவும் கூடும் வாய் மற்றொன்று. மழையில் லென்ஸைக் கழற்றி மாட்டுவோர் அந்த வாயை வானுக்குத் திறந்து காட்டுகின்றனர்.

ஆயினும் மழைத்துளி வெளிப்படையான பகைவன். மறைந்திருந்து கொல்லும் பகைவன் பூசணம். சைஸ் என்னும் புகழ்பெற்ற லென்ஸ் நிறுவனத்தார் பூசணம் பூப்பதற்குரிய சூழலை விளக்கியுள்ளனர். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் சில நாள் தொடர்ந்து நிற்க வேண்டும்; வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; இருள் வேண்டும்; காற்றோட்டம் இருத்தல் ஆகாது; உணவாகச் சிறிது தூசும், துணி இழையும், விரலின் எண்ணெய்ப் பசையும் வேண்டும். இத்தனையும் ஒருங்கே அமைந்த இடம் உலகில் எது? கட்டிலுக்கடியில் கிடக்கும் நம் தோல்பையன்றோ! தோல் தானே ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவும் பூசணத்திற்கு நல்ல விருந்து. மூன்று மாதம் கழித்துத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் ஓடியிருக்கும். துடைத்தால் போகாது, உள்ளே இருக்கிறதே! அந்த உயிர் கக்கும் அமிலம் முதலில் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். பிறகு கண்ணாடியையே அரிக்கும். பிரித்துக் கழுவினாலும் வடு நிற்கும். பூசணம் தொடக்கத்திலேயே தெரிந்தால் தப்பலாம். அதற்காகவேனும் கருவியை அடிக்கடி வெளியே எடுக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இரண்டே. வெளியே நனையாமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் உலர வையுங்கள்.

முதலாவதற்கு அதிகச் செலவில்லை. தேயிலைத் தோட்டத்திலும் வயலிலும் நம் தாய்மார் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு கொட்டும் மழையில் வேலை செய்வதைக் கண்டதில்லையா? காமிராவுக்கும் ஒரு கொங்காணி போதும். கெட்டியான பாலிதீன் பை ஒன்றின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் வளையத்தால் லென்ஸின் முனையில் இறுக்கினால் அதுவே மழைக்கோட்டு. (ஒரே பையைப் பல ஆண்டு காத்து வையுங்கள், காட்டில் எறிந்துவிட்டு வந்தால் யானை உங்களை மன்னிக்காது.) லென்ஸின் முன்னே மாட்டும் ஹூட் என்னும் குழலை வெயிலுக்கானது என்று பலர் வீட்டில் வைத்துவிட்டு வருகின்றனர். இராமக்கல்மேட்டில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று மழையைக் குறுக்கே வீசும்போது, அந்தக் குழலே கூரை. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் இன்னும் நலம்.

"என் காமிரா மழை தாங்கும் வகை" என்பாரும் உண்டு. எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். 2022 இல் வந்த ஓ.எம்.-1 என்னும் காமிராவுக்கு ஐ.பி. 53 என்று தரம் குறித்துள்ளனர். செங்குத்திலிருந்து 60 பாகை வரை சாய்ந்து வரும் தூறலைத் தாங்கும் என்பது அதன் பொருள். எண் ஏதுமின்றி 'தாங்கும்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை விளம்பரமாகவே கொள்க.

குளிர்சாதனப் பேருந்தில் வந்து இறங்கியவுடன் காமிராவை எடுத்தால் கண்ணாடி முழுதும் ஆவி படர்கிறதே, அது மழையன்று. குளிர்ந்த கண்ணாடியைக் கண்ட காற்றின் ஈரம் அங்கே பனித்துளியாகிறது. இறங்குமுன்பே பையை இறுக மூடி, கருவி வெளிச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்தால் ஆவி பையின் மேல்தான் படியும். பொறுமைக்குத்தான் நம்மிடம் பஞ்சம்.

இரண்டாவது, உலர்த்தல். அறைக்குத் திரும்பியதும் நனைந்த பையிலிருந்து கருவியை வெளியே எடுத்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்கும் வைத்தியம் வேண்டா. அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை, மாவுத் தூசைத்தான் இடுக்கெல்லாம் ஏற்றும். பாலக்காட்டு நெல்லுக்கு வேறு நல்ல வேலை உண்டு. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத டப்பா ஒன்று, அதனுள் சிலிகா ஜெல், ஈரமானி ஒன்று; எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஈரமானி 40 முதல் 50 விழுக்காடு காட்டினால் போதும். மிகவும் உலர்ந்தாலும் உள்ளே இருக்கும் மசகு வறளும். நிறம் மாறிய சிலிகா ஜெல்லைச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். ஆரஞ்சு வகையே வாங்குக. நீல வகையில் உள்ள கோபால்ட் உப்பு உடலுக்கு ஆகாது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) நம் காடுகளின் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமாக்கிய பெருந்தகை. பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று விளையாட்டாகப் பெயரிட்டார். அவருக்குத் தம் கருவியின் ஒவ்வோர் ஆணியும் தெரியும். நமக்கோ விலை மட்டுமே தெரிகிறது.

கைப்பேசி இருக்கக் காமிரா எதற்கு என்று கேட்கலாம். அண்மைக்கு அது போதும். பள்ளத்தாக்கின் அக்கரையில், மூடுபனிக்குள் தேயிலை கிள்ளும் ஒருத்தியின் முகத்துக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவில் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். சரிவுக்குப் பின் எடுத்த படங்கள் நாடெங்கும் சென்றன. அதற்கு முன்னே, அந்த லயங்களின் வாசலில், அடைமழையில், அவர்கள் வாழ்ந்த வாழ்வை எடுத்து வைத்தவர் எத்தனை பேர்? கோடைச் சுற்றுலாவில் எடுத்த வெயில் படங்கள் அந்த வாழ்வைச் சொல்லா.

2018 இல் குறிஞ்சி பூக்கும் பருவத்தில் பெருவெள்ளம் வந்தது. இரவிகுளத்துப் பூவைக் காணக் காத்திருந்தோரில் பலர் ஏமாந்தனர். பன்னிரண்டாண்டுக் கணக்குப்படி அடுத்த பூ 2030 இல். அன்றும் மழை இருக்கும்.

நம் மன்றம் ஆண்டுதோறும் மலர்மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடுகிறது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, மின்சாரத்தால் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று வாங்கி மன்ற அறையில் வைக்கலாம். விடுதி மாணவர் அனைவரும் தம் லென்ஸுகளை அங்கே வைக்கட்டும். இவ்வாண்டுச் சுற்றுலாவையும் மே மாதத்திலிருந்து ஐப்பசிக்கு மாற்றலாம். சரிவு அபாயம் அறிவித்த நாளில் மலையேற வேண்டா என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா? அடுத்த பொதுக்குழுவில் இவ்விரண்டையும் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிவோர் கையில் ஒரு ரப்பர் வளையத்துடன் வருக.