குடும்ப நன்மையும் தங்கையின் கையெழுத்தும்

"குடும்பம் ஒன்றாயிருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்" என்பதாக நம் நாட்டுப் பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். இதை நாமும் மறுக்கவில்லை. நாலு பேர் ஒரு கூரையின்கீழ் வாழ்வதானால் நாலு பேருடைய இஷ்டமும் ஒரே காலத்தில் நடந்துவிடாது என்பது உண்மையேயாகும். ஆனால் நாம் கேட்பதெல்லாம், அந்த "யாராவது ஒருவர்" என்பவர் எப்பொழுது பார்த்தாலும் வீட்டுப் பெண்ணாகவே இருப்பதற்குக் காரணம் என்ன என்பதுதான்.

சர்வ சாதாரணமாய் நடக்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் காலமான சில மாதங்களுக்கெல்லாம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அண்ணனிடமிருந்து சேதி வருகிறது. "ஒன்றுமில்லை அம்மா, ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு கையெழுத்து" என்கிறார்கள். அவளும் வருகிறாள். அது விடுதலைப் பத்திரம் என்பதைக்கூட அவளுக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை. நிலம் எத்தனை ஏக்கர், இன்றைய கிரயம் என்ன என்பதும் அவளுக்குத் தெரியாது. கையெழுத்தும் கைரேகையும் வைத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையுடன் பஸ் ஏறுகிறாள். ஏன் இப்படி என்று கேட்டால், "குடும்பம் கூடிச் செய்த முடிவு" என்கிறார்கள். கூடிய குடும்பம் எது? அண்ணன், தம்பி, தாய்மாமன், பத்திரம் எழுதுகிறவர் ஆகியவர்களே! யோசனைக்கு அவள் குடும்பத்தில் சேர்த்தியில்லை. கையெழுத்துக்கு மாத்திரம் சேர்த்தி. இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929-ம் வருஷத்திலேயே செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. இந்துக் குடும்பங்களில் பிதுரார்ஜித சொத்தில் மகளுக்கும் பிறப்பினாலேயே பங்குண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லும், இந்தியா முழுமைக்கும் 2005-லும் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே கலியாணமான பெண்களை விலக்கி வைத்திருந்தது. 2005-ம் வருஷச் சட்டத்தில் அந்த விலக்கும் இல்லை. 2005-ல் தகப்பனார் உயிரோடிருந்திருக்க வேண்டுமென்ற அவசியமில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்மானத்திற்கும் தீர்ப்புக்கும் இடையே தொண்ணூற்றொரு வருஷங்கள் சென்றன. இத்தனை காலம் பாடுபட்டுச் சம்பாதித்த உரிமை, ஒரு பட்டுப்புடவைக்குக் கைமாறுகிறதென்றால், சட்டம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை என்றுதானே அர்த்தம்?

இதற்குச் சமாதானம் சொல்லுகிறவர்கள், "நகை போட்டோம், சீர் செய்தோம், அதிலேயே அவள் பங்கு தீர்ந்தது" என்கிறார்கள். அப்படியானால் மகனைப் படிக்க வைத்த செலவையும், அவனுக்குக் கடை வைத்துக்கொடுத்த முதலையும் அவன் பங்கில் யாராவது கழித்ததுண்டா? கலியாணச் செலவு எவ்வளவு என்று நிச்சயித்தது அவளா? ஊரார் மெச்ச வேண்டுமென்று பெரியவர்கள் செய்த ஆடம்பரத்தை அவள் கணக்கில் பற்றெழுதுவது எந்தக் கணக்கு?

இன்னும் சிலர், "பங்கு கேட்டால் தாய்வீடு அற்றுப்போகும்" என்று பயமுறுத்துகிறார்கள். நம் பெண்மக்களில் அநேகரைக் கையெழுத்துப் போட வைப்பது இந்தப் பயந்தான். புருஷன் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் போய் நிற்க ஓரிடம் வேண்டுமே என்று எண்ணித்தான் தன் பங்கை விடுகிறாள். அந்த இடத்தில் அவளுக்குப் பாத்தியதை இருந்தால், நிற்பதற்கு யாருடைய தயவு வேண்டும்?

ஆகவே, அவரவர் இஷ்டப்படி அவரவர் போகலாம், குடும்பம் எக்கேடு கெட்டாலும் சரி என்பது நமது அபிப்பிராயமல்ல. அண்ணன் கடனில் மூழ்கியிருக்கிறான், தங்கை நல்ல நிலைமையில் இருக்கிறாள், தன் பங்கின் மதிப்பு இன்னதென்று தெரிந்தே "நீ வைத்துக்கொள் அண்ணா" என்கிறாள் என்றால், அதைத் தடுக்க நாம் யார்? அது ஈகை. தெரியாமல் விடுவதும், பயந்து விடுவதும் ஈகையல்ல, பறிகொடுப்பதாகும். அதுபோலவே, பங்குள்ள மகளுக்குப் பொறுப்பும் உண்டு. வயது முதிர்ந்த தாய் தகப்பனைக் காப்பாற்றும் கடமையை 2007-ம் வருஷச் சட்டம் மகன், மகள் என்று பிரிக்காமல் இருவர்மீதும் வைத்திருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கும் மகளுக்காகவும் நாம் பரிந்து பேசப்போவதில்லை.

குடும்ப நன்மை என்று ஒன்றைச் சொல்லும்பொழுது, நஷ்டப்படுகிறவரைக் கேட்டார்களா, கணக்கை அவருக்குக் காட்டினார்களா, "முடியாது" என்று சொன்னாலும் அவருக்குப் பழைய மரியாதை உண்டா என்பவைகளைப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் இல்லாதபோது, குடும்பத்தின் பேரைச் சொல்லி நடப்பது ஒருவருடைய சுயநலமேயன்றி வேறல்ல.

எனவே அண்ணன்மார்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். தங்கைக்கு ஆள் அனுப்புமுன் பட்டா நகலையும், வில்லங்கச் சான்றையும், எழுதப்போகும் பத்திரத்தின் நகலையும் அனுப்புங்கள். படித்து யோசிக்க ஒரு மாதம் கொடுங்கள். அவள் சம்மதித்தால் நன்றி சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அவள் பாகத்தை அளந்து கொடுங்கள். வருகிற தைக்குப் பொங்கல் சீரையும் வழக்கம்போல் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்பொழுதுதான் அது குடும்பம்.