சுளுக்கு வைத்தியமும் பகுத்தறிவும்



நம் நாட்டில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினாலும் இடுப்புப் பிடித்துக் கொண்டாலும் வைத்தியம் சொல்ல வருகிறவர்களுக்குக் குறைவேயில்லை. பிறக்கும்போது கால் முன்னே வந்து பிறந்தவனைக் கூட்டி வந்து இடுப்பில் மிதிக்கச் சொல் என்பார் ஒருவர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்குப் பறந்துவிடும் என்பார் இன்னொருவர். வேப்பிலையால் மந்திரித்துவிடு என்பார் மற்றொருவர். தலை முன்னே வந்து பிறந்தவன் காலுக்கும், கால் முன்னே வந்து பிறந்தவன் காலுக்கும் எலும்பிலோ சதையிலோ என்ன வித்தியாசம் என்று கேட்டால் மாத்திரம் ஒருவரும் பதில் சொல்லுவதில்லை. “குணமாகியிருக்கிறதே!” என்பதுதான் அவர்களுடைய ஒரே சமாதானம்.

இதைப் பரிகாசம் செய்வது வெகு சுலபம். நானும் பல மேடைகளில் பரிகாசம் செய்தவன்தான். ஆனால் அந்தப் பரிகாசம் என் மேலேயே திரும்பிய கதையை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற வருஷம் ஒரு கிராமத்தில் மூடநம்பிக்கையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, மேடையை விட்டு இறங்குகையில் இருட்டில் படி தவறி வலது கணுக்கால் பிசகிவிட்டது. அன்றிரவு தங்கிய வீட்டுக்காரர், இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மாளை அழைத்து வரட்டுமா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு மறுநாளே டவுனுக்குப் போனேன். அங்கு ஒரு பிசியோதெரபி நிலையத்தில் காலில் பசையைத் தடவி, அல்ட்ராசவுண்டு என்னும் யந்திரத்தின் தலையை அதன்மேல் வைத்துத் தேய்த்தார்கள். காதுக்குக் கேளாத ஒலியதிர்வை அது சதைக்குள் அனுப்புமாம். தடவைக்கு 300 ரூபாய் வீதம் 10 நாள் நடந்தது. காலும் சரியாயிற்று.

அடுத்த மாதம் அதே ஊர்க் கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்க அண்ணன் மகனுக்கும் இப்படித்தான் பிசகிச்சு. இரட்டைப் பிள்ளைக்காரம்மா நீவி விட்டாங்க. அவனும் பத்து நாள்ல வேலைக்குப் போயிட்டான். உங்களுக்கு மூவாயிரம் ரூபா, அவனுக்கு வெத்தலை பாக்கு. மிஷின்தான் சரி பண்ணிச்சுங்கிறதுக்கு என்னங்க அத்தாட்சி?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. ஊர் ஊராய் நான் பிறரைக் கேட்டு வந்த கேள்வியை அவர் என்னையே கேட்டுவிட்டார்.

வீடு திரும்பியதும் தேடிப் படித்தேன். படித்த வரையில் அந்தத் தோழர் கேட்டது முற்றிலும் நியாயமென்றே தெரிகிறது.

கணுக்கால் பிசகுவதென்றால், எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ போவதாகும். அவ்விடம் வீங்குகிறது, பிறகு உடம்பே புது நாரை உண்டாக்கிக் கிழிசலைத் தைக்கிறது. சாதாரணச் சுளுக்குகள் பெரும்பாலும் நாள் போக்கில் தாமே குறைந்து வரும். ஆகவே இடையில் யார் வந்து மிதித்தாலும், நீவினாலும், யந்திரத்தால் தேய்த்தாலும் வந்தவருக்குப் புகழ் கிடைத்துவிடுகிறது. சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பது போன்ற கணக்கு இது.

அப்படியானால் மெய்யைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்கு விஞ்ஞானிகள் ஒரு நேர்மையான வழி வைத்திருக்கிறார்கள். நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டு கூட்டமாகப் பிரிப்பது. ஒரு கூட்டத்துக்கு மெய்யான சிகிச்சையும், மற்றதற்கு அதைப்போலவே தோன்றும் வெறும் பாவனையும் செய்வது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாமல், குணத்தை அளந்து பார்ப்பவருக்கும் தெரியாமல் வைப்பது. கடைசியில் எண்ணிப் பார்ப்பது. இதில் ஜாதகத்துக்கும் இடமில்லை, பட்டத்துக்கும் இடமில்லை.

என் காலில் தேய்த்த யந்திரத்தை இப்படிப் பரீட்சித்திருக்கிறார்கள். புதிதாய் ஏற்பட்ட கணுக்கால் சுளுக்குக்காகச் செய்த 6 பரீட்சைகளை, மொத்தம் 606 பேர் சம்பந்தப்பட்டவற்றை, கோக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கூட்டத்தார் 2011ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். யந்திரத்தை ஓட்டித் தேய்த்ததற்கும், ஓட்டாமல் பாவனையாகத் தேய்த்ததற்கும் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. நான் கொடுத்த மூவாயிரம் ரூபாயின் யோக்கியதை இவ்வளவுதான்! வேப்பிலைக்குப் பதில் மின்சாரம் வந்ததேயொழிய, என் புத்தி இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னும் கேளுங்கள். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்னும் நான்கும் உலகமெங்கும் வேதவாக்காக இருந்தன. இதற்கு 1978ல் பெயர் சூட்டிப் பரப்பியவர் கேப் மிர்கின் என்னும் அமெரிக்க டாக்டர். அவரே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக் கூடும் என்று தம் சொல்லைத் திருத்தி எழுதினார். 2010ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஒரு பரீட்சையில், கணுக்கால் பிசகிய 101 பேரில் ஒரு பகுதியார் முதல் வாரத்திலேயே பயிற்சி தொடங்கினார்கள். மற்றவர்கள் பழைய முறையில் இருந்தார்கள். முதலிரண்டு வாரங்களில் காலைப் பயன்படுத்தும் சக்தி பயிற்சி செய்தவர்களுக்கே அதிகமாயிருந்தது. வலியிலும் வீக்கத்திலும் வித்தியாசமில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆபரேஷனையும் விட்டுவைக்கவில்லை. பின்லாந்து தேசத்தில், முழங்காலிலுள்ள சவ்வு தேய்ந்து கிழிந்த 146 பேருக்குச் சீட்டுப் போட்டு, பாதிப் பேருக்கு மெய் ஆபரேஷனும், பாதிப் பேருக்குத் தோலைக் கீறிய பாவனை ஆபரேஷனும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் இரு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்ததாக 2013ல் வெளியிட்டார்கள்.

தேகப்பயிற்சி மாத்திரம் பரீட்சைக்கு விலக்கா? அதுவுமில்லை. 1995ல் ஹெல்சிங்கி நகரத்து ஊழியர்கள் 186 பேரைத் திடீர் இடுப்புவலிக்காகப் பரீட்சித்தார்கள். படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிடவும், முதுகுப் பயிற்சி செய்தவர்களைவிடவும், தாங்கின மட்டில் அன்றாட வேலைகளைச் செய்து வந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். 2023ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும், இடுப்பு பெல்ட்டு, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்டு ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்றே கூறப்பட்டிருக்கிறது.

அப்படியானால் பிசியோதெரபியே புரட்டு என்று முடிவு கட்டலாமா? கூடாது. மேலே சொன்ன பரீட்சைகளில் பலவற்றைச் செய்தவர்கள் அந்தத் தொழிலையும் அதைச் சார்ந்த ஆராய்ச்சியையும் சேர்ந்தவர்களே. தங்கள் முன்னோர் சொன்னதைத் தாங்களே சோதித்து, தவறென்றால் தள்ளிவிடும் துணிவு அவர்களிடம் இருக்கிறது. தள்ளியது போக நிற்பதும் உண்டு. நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டுக்காரர்களில் ஒரு பகுதியாருக்கு, வழக்கமான சிகிச்சையோடு, உடம்பை நிலைதவறாமல் தாங்கும் பயிற்சியை வீட்டிலேயே 8 வாரம் செய்யச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் பயிற்சி செய்யாதவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு மறுபடி பிசகிற்று. செய்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்குத்தான் பிசகிற்று. 2009ல் வெளியான கணக்கு இது. இதைக் கற்றுக் கொடுக்கும் பிசியோதெரபிக்காரருக்குக் கூலி கொடுப்பது நியாயமே.

சில நிலையத்தார், “யந்திரத்தால் கெடுதல் இல்லையே, நோயாளிக்கு இதமாக இருக்கிறதே” என்கிறார்கள். இதத்துக்கு நான் விரோதியல்ல. இதமென்று சொல்லி விற்கட்டும். குணமென்று சொல்லி ஏன் விற்க வேண்டும்? நாட்கூலிக்காரன் பத்து நாள் டவுனுக்கு நடந்தால் பஸ் காசும் யந்திரக் காசும் போவதோடு பத்து நாள் கூலியும் போகிறது. அதனினும் பெரிய நஷ்டம், தன் உடம்பு தானாகத் தேறாது, பிறர் கை பட்டால்தான் தேறும் என்று அவன் நம்பிவிடுவது. மந்திரக்காரன் பிழைப்பதும் அந்த நம்பிக்கையால்தானே?

மற்றொரு பக்கத்து ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. எல்லா அடியும் சுளுக்கல்ல. நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், கணுக்காலின் இருபுறத்து எலும்பு முண்டுகளைத் தொட்டால் அந்த எலும்பிலேயே வலித்தாலும், முறிவு இருக்கக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடா தேசத்து டாக்டர்கள் 1992ல் வகுத்த விதி அது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே விரல்கள் மரத்து, சில்லிட்டு, நீலமாகப் போனால், ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்காமல் கட்டை அவிழ்க்க வேண்டும். இரத்த ஓட்டம் நின்று, அழுகி, காலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

ஆகவே தோழர்களே, மிதிக்க வருகிறவரையும், யந்திரத்தோடு வருகிறவரையும், கத்தியோடு வருகிறவரையும் ஒரே மாதிரி கேளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் எத்தனை நாளில் குணமாகும்? பாவனையோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? நானே வீட்டில் செய்யக் கூடியது என்ன? நேர்மையான வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

அந்தக் கூலித் தோழருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இப்போது இருக்கிறது. அவருடைய அண்ணன் மகன் காலையும் சரி, என் காலையும் சரி, குணப்படுத்தியது அவரவர் உடம்பே. அடுத்த கூட்டத்திற்கு அந்த ஊருக்குப் போகும்போது இதை அதே மேடையில் சொல்லப் போகிறேன். படியை மாத்திரம் பார்த்து இறங்குவேன்.