பார்த்துக் கொடுங்கள் என்பதா?

ஓய்வு நாளில் அண்டை வீட்டார்க்கு ஒரு கதவு செய்து பொருத்துகின்றார் தச்சர். "எவ்வளவு தரவேண்டும்?" என்று கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்று தலையைச் சொறிகின்றார். கைவினைத் தோழரே! இது பணிவன்று, உம் உழைப்பின் விலையைப் பிறர் வாயில் ஒப்படைக்கும் பேதைமை! மருத்துவரோ வழக்கறிஞரோ இங்ஙனம் சொல்வரோ? மரத்திற்கும் கீலுக்கும் கடைக்காரர் எழுதித் தந்த விலையை வாய்திறவாது கொடுத்தவர், இழைப்புளி பிடித்த கைக்கு மட்டும் பேரம் பேசுவதேன்? அக் கை கணக்கெழுதாமையால் அன்றோ?

கணக்கெழுதுதல் அரிதன்று. வாங்கிய பொருள், அளவெடுக்கவும் கடைக்குச் செல்லவும் கழிந்த பொழுது, வேலைநாட் கூலி, வண்டிச் செலவு, கருவித் தேய்வு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுக. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டைக் காட்டி, பொருட்செலவை முன்பணமாகப் பெறுக. இடையிற் கூட்டிச் சொல்லும் வேலைக்கு வேறு விலை குறிக்க. முடிந்தபின் நாள், பெயர், தொகை, கையொப்பம் கொண்ட விலைப்பட்டி தருக.

ஆண்டு வரவு 20 இலக்கம் உருபாவைத் தாண்டாமையால் பதிவு செய்யாத பணியாளர், சரக்கு-பணி வரி என்று எதையும் சேர்த்து வாங்கலாகாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 5,000 உருபாவுக்கு மேற்பட்ட பணத்திற்குப் பற்றுச்சீட்டு எழுதினால் 1 உருபா வருவாய் முத்திரை ஒட்டுக.

உழைத்தவன் கூலி கேட்பது இரத்தல் அன்று, உரிமை! அவ்வுரிமையை எழுத்தில் நிறுத்துக!