ரெக்கார்ட் நோட்டில் தொடங்கும் பொய்

"முதல் வருஷம் ஜாலியா இரு. மூணாவது வருஷம் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல எல்லாம் சொல்லித் தருவாங்க." பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் காதில் முதல் வாரத்திலேயே இது விழுந்துவிடுகிறது. சீனியர் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார், சில இடங்களில் ஆசிரியரே சொல்கிறார். கலை அறிவியல் கல்லூரியில் இதையே வேறு மாதிரி சொல்வார்கள்: "டிகிரிய முடி, அப்புறம் ஏதாவது கோர்ஸ் படிச்சுக்கலாம்." ஆராய்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம், அது பிஎச்டி சேர்ந்தவர்கள் பாடு. படிப்புக்கு மூன்று வருஷம், வேலைக்கான திறமைக்குக் கடைசி ஆறு மாதம், ஆராய்ச்சி யாரோ சிலருக்கு என்று பாகம் பிரிக்கும் இந்த நம்பிக்கை பொய். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் பொய்.

இயற்பியல் ஆய்வகத்தில் நடப்பதைப் பார்த்தாலே போதும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்பது ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடும் முன்பே மாணவருக்குத் தெரியும். எடுத்த ரீடிங்கில் 5600 வந்தால் என்ன செய்கிறார்? கருவியைச் சமன் செய்யாமல் விட்டோமா, வெர்னியரைத் தப்பாகப் படித்தோமா, கிரேட்டிங் ஒளிக்கதிருக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று தேடுவதில்லை. 5893-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்குத் தோதான கோணத்தை அப்சர்வேஷன் நோட்டில் எழுதிவிடுகிறார். பிறகு அந்த எண் பென்சில் படத்தோடும் அழகான கையெழுத்தோடும் ரெக்கார்ட் நோட்டுக்குப் போகிறது. அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்பவர்கள் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். ஆசிரியரின் கையொப்பம் விழுகிறது, முழு மார்க்கும் வருகிறது. பதினெட்டு வயதில் அறிவியலின் பெயரால் ஒரு பிள்ளை வாங்கும் முதல் பரிசு, அளவைத் திருத்தி எழுதியதற்காகக் கிடைக்கிறது. இதை யாருமே குற்றமாக நினைக்காததுதான் எனக்கு ஆறாத கோபம்.

சென்னையில் இதே மாதிரி ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரின் முன் உட்கார்ந்தவர் சி.வி. ராமன். மாநிலக் கல்லூரியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, செய்முறையில் சொல்லப்படாத விளிம்பு விளைவுப் பட்டைகள் அவர் கண்ணில் பட்டன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத பட்டைகள். கோணத்தை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் யாரும் அவரை எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அந்தப் பட்டைகளை அளந்தார், காரணம் தேடினார், கட்டுரையாக எழுதினார். 1906 நவம்பரில் லண்டனின் ஃபிலாசஃபிக்கல் மேகசின் அதை வெளியிட்டது. அப்போது அவர் முதுகலை மாணவர். ஆனால் வயது பதினெட்டு, இன்று முதலாண்டில் சேரும் பிள்ளையின் வயது.

1928-இல் அதே கல்லூரியில் எஸ். சந்திரசேகர் இளநிலை மாணவர். ஜெர்மனியின் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் அந்த ஆண்டு சென்னைக்கு வந்தார். அணு அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் தானாகவே படித்து முடித்திருந்தார். அந்தத் தைரியத்தில், சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பேசினார். நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், உலோகங்களின் எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதிலிருந்து கற்ற புதிய புள்ளியியலைக் கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அவர் பட்டம் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

"அவர்கள் மேதைகள், நம் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா?" என்று கேட்பார்கள். மேதைமையை யாரும் யாருக்கும் சொல்லித்தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணில் பட்ட புதிய ஒன்றை விடாமல் பின்தொடர்வது, பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு புத்தகத்தை முழுசாகப் படிப்பது, தெரிந்தவரிடம் போய்க் கேட்பது, "நீ படித்தது பழசு" என்று அவர் சொன்னால் முகம் சுளிக்காமல் புதிதாகத் தொடங்குவது, தெரிந்துகொண்டதைப் பிறருக்குப் புரியும்படி எழுதுவது: இவற்றில் எதற்கு நோபல் பரிசு வாங்கும் மூளை வேண்டும்? வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் 'கம்யூனிகேஷன்', 'ப்ராப்ளம் சால்விங்' என்று சொல்லித் தேடுவதும் இதே பழக்கங்களைத்தான். படிப்பும் ஆராய்ச்சியும் தொழில்திறனும் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. பழக்கத்தைக் கடைசி ஆறு மாதத்தில் ஊற்றிக் கொடுக்க முடியாது.

ஊற்றிக் கொடுக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். இரண்டு மார்க், பதின்மூன்று மார்க் என்று 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்'களை மனப்பாடம் செய்து மூன்று வருஷம் கடத்திய மாணவர், நான்காம் ஆண்டில் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார். அதை விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன, சுவரில் விளம்பரமும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றிய அறிமுகத்தை ஆங்கிலத்தில் ஒப்பித்துவிடுகிறார். "உங்கள் புராஜெக்ட்டில் இந்த முறையை ஏன் எடுத்தீர்கள்?" என்ற அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறார். மேற்படிப்புக்குப் போகிறவர்கள் கதை இன்னும் கொடுமை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். முதலாண்டில் எதற்கு முழு மார்க் போட்டோமோ, அதற்கே பிற்பாடு தண்டனை தருகிறோம்.

இதில் அடிபடுவது யார்? படித்தவர்கள் இருக்கும் வீட்டில் பேராசிரியருக்கு எழுதிய மின்னஞ்சலை அம்மா படித்துப் பார்த்துத் திருத்துவார். எந்தப் புத்தகம், எந்த இன்டர்ன்ஷிப் என்று மாமா சொல்வார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல வீட்டில் ஆளில்லை. தமிழக அரசு அந்தப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. 2022-இல் 'நான் முதல்வன்' என்ற திறன் மேம்பாட்டுத் திட்டத்தையும் தொடங்கியது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் நூலகத்தில் ஒன்றைத் தேடுவது எப்படி, எடுத்த இடத்தைக் குறிப்பிட்டு எழுதுவது எப்படி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பது எப்படி என்பதை வகுப்பறைதான் முதல் செமஸ்டரிலேயே கற்றுத்தர வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதை நம்பி வசதியுள்ள பிள்ளை ஏமாந்தால் வீடு தாங்கிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அந்த நான்கு வருஷம் திரும்பக் கிடைக்காது.

அறுபது பேர் வகுப்பு, நாலு பேருக்கு ஒரு கருவி, முடிக்க வேண்டிய சிலபஸ் என்று ஆசிரியர்களுக்கு இருக்கும் நெருக்கடி உண்மையானது. ஆனால் நான் கேட்பதற்குப் பணம் செலவாகாது. 5600 வந்தால் 5600 என்றே எழுதி, பிழை எங்கே நேர்ந்திருக்கலாம் என்று நாலு வரி சேர்த்திருக்கும் நோட்டுக்கு முழு மார்க் போடுங்கள். துல்லியமாக 5893 என்று எழுதியிருப்பவரை அழைத்து, இன்னொரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, சீனியரின் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வந்த ரீடிங்கை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய், ஏன் இப்படி வந்தது என்று கேளுங்கள்.