உடம்படுமெய்யும் பிரெஞ்சு வகுப்பும்

"தமிழே தடுமாறுது, இதுல பிரெஞ்சு வேறயா?"

விருப்பப் பாடமாகத் தொடக்கநிலைப் பிரெஞ்சு எடுத்திருக்கிறேன் என்றதும் நம் சங்கத்து அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வி இது. கோபம் வந்தாலும் பதில் வரவில்லை. ஜொகூரில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான். புள்ளி குறைந்துவிடுமோ என்று பயந்து மூன்றாம் படிவத்தோடு தமிழை விட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பிரெஞ்சு வகுப்பின் முதல் வாரத்திலேயே 'இருத்தல்' வினை வந்தது. ழ ஸ்வி, த்யூ எ, இல் எ... ஆளுக்கு ஆள் வினை மாறுவதைப் பார்த்து வகுப்பே மிரண்டது. சீனத்தில் இந்தத் தொல்லை இல்லை. மலாயிலும் 'சாயா மாக்கான்', 'டியா மாக்கான்' என்று யார் சாப்பிட்டாலும் ஒரே வினைதான். எனக்கோ நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான் என்று நாக்கில் ஏற்கெனவே இருந்தது. பூன்லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்தில் வளாகம் வந்து சேர்வதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. 'த்யூ', 'வூ' வேறுபாட்டை நமக்கு விளக்கவே வேண்டாம். நீ, நீங்கள் அவ்வளவுதான்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. 'இல் ஆ' என்றால் 'அவனிடம் இருக்கிறது'. கேள்வியாகத் திருப்பினால் 'ஆ இல்' என்று வர வேண்டும். வருவது 'ஆத்தில்'. இரண்டு உயிரொலிகள் மோதக் கூடாதாம், நடுவில் ஒரு 'த்' நுழைகிறது. ஆசிரியை இதை விளக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, மணி + அடித்தது = மணியடித்தது என்று கரும்பலகையில் எழுதிய என் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நினைவுக்கு வந்தார். உடம்படுமெய்! பத்தாண்டாக அந்தச் சொல்லை நான் உச்சரித்ததே இல்லை.

எல்லாம் எளிது என்று சொல்ல மாட்டேன். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்; காரணம் கேட்டால் பதில் கிடையாது. எண்பதை 'நான்கு இருபது' என்கிறார்கள். சிரித்தேன். நம் தொண்ணூறு எண்பதுக்குப் பிறகு ஏன் நூறைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று யோசித்ததும் சிரிப்பு நின்றது.

நண்பர்களே, தமிழைக் காப்போம் என்று ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துகிறோம், சரி. இலக்கணத்தைத் தேர்வோடு மூட்டைகட்டிய நாம் எதைக் காக்கிறோம்? அதை ஒரு கருவியாக எடுத்து இன்னொரு மொழியைத் திறந்து பாருங்கள் என்பதே என் கட்சி. இன்னொரு மொழி வந்தால் தமிழ் போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பழைய பயிற்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். உடம்படுமெய்க்கு ஒரு பக்கம் இருந்தது. பத்துக்கு ஆறு. தவறிய நான்கையும் மறுபடி எழுதிப் பார்த்தேன். ஒன்று இன்னும் வரவில்லை.