கைபேசி விளம்பரமும் கைத்தறியும்

சென்ற மாதம் நான் ஆய்வுக்குச் சென்றிருந்த சங்கமொன்றில், அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் ஒரு சேலையைக் கொணர்ந்து காட்டினார். 'அசல் கைத்தறிப் பட்டு, ரூ. 799, இன்னும் பத்து நிமிடமே' என்று கைபேசியில் வந்த விளம்பரத்தைக் கண்டு வாங்கியதாம். ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டினோம். பட்டாயின் முடி கருகும் நாற்றம் எழும். சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகி மணியாய் இறுகிற்று. நெசவாளர் இல்லத்தாரே ஏமாறலாமா என்று சிலர் நகைத்தனர். படத்தைத் தொட்டுப் பார்க்க எவரால் இயலும்?

சட்டம் இல்லாமலில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் வரையும், மீண்டும் செய்தால் ரூ. 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பொய்யாக அவசரப்படுத்தும் தந்திரத்தை 2023 நவம்பரில் வெளியான நெறிமுறைகள் தடுக்கின்றன. ஆயினும், வழக்கமான தொழில் முறையில் வெளியிட்டதாக மெய்ப்பிப்பவரை அச்சட்டமே அபராதத்தினின்று விட்டுவிடுகிறது. கூலி பெற்றுப் பொய்யைத் திரையிலேற்றும் நிறுவனத்துக்கு இத்துணைச் சலுகை எதற்கு? 2006 முதல் கைத்தறி முத்திரை வழங்கப்பட்டு வருகிறது. 'கைத்தறி' என விளம்பரம் செய்வோரிடம் அச்சான்றை முன்னரே கேட்டுப் பெறுமாறு அந்நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

அவ்வம்மையார் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டிருக்கிறார். நல்லவேளையாக, விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தார்.