நீறு பூத்த நெருப்பு

நமது நெடுநாளைய நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். அவருடைய குமாரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். காப்பி வந்தது. காப்பியின் பின்னாலேயே ஒரு பிராதும் வந்தது. பிராதைக் கொண்டு வந்தவர் பையனின் தாயார்.

"நீங்களே கேளுங்கள் இந்த நியாயத்தை! இவனோடு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் புதிது புதிதாக என்னென்னவோ செய்து பெயர் வாங்கிவிட்டார்கள். இவன் வருஷம் பூராவும் அழித்துக் கொண்டிருந்தானாம். பன்னிரண்டாயிரம் வரி அழித்தானாம்! அழிப்பதற்கு ஒரு படிப்பா? சம்பள உயர்வு மட்டும் எப்படிக் கிடைக்கும்?"

பையன் சிரித்தான். "மாமா, எனக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தெரியவில்லை. நீங்கள் எழுதினால் அம்மா படிப்பார்கள்" என்றான்.

ஆகவே எழுதுகிறோம். இந்தப் பிராது நம் நண்பர் வீட்டில் மட்டும் எழுவதன்று என்பது நமது ஊகம்.

கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளைகளின் கோவை. இயந்திரத்துக்குப் புரிந்தால் போதும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறோம். இயந்திரமோ எவ்வளவு குழப்பமான கட்டளையையும் முகம் சுளிக்காமல் நிறைவேற்றிவிடும். முகம் சுளிக்கப் போகிறவன், அடுத்த வருஷம் அதே கட்டளையில் ஒரு சிறு மாறுதல் செய்ய வேண்டியிருக்கும் மனிதன். எழுதியவர் வேறு உத்தியோகத்துக்குப் போயிருப்பார். அவருக்குப் பின் வந்தவர், பழைய சுவரை இடிக்கப் பயந்து அதன் பக்கத்திலேயே இன்னொரு சுவரை எழுப்பியிருப்பார். மூன்றாமவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார். பரணில் கிடக்கும் சாமான்களை எறியவும் ஒருவருக்கும் தைரியம் இராது. எது யாருக்கு எப்போது வேண்டியிருக்குமோ, யார் கண்டார்கள்? பெலாடி, லேமன் என்ற இரு அறிஞர்கள் ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் பெரிய புரோகிராம்களை ஆராய்ந்தார்கள். உபயோகத்தில் இருக்கும் புரோகிராம் மாறிக் கொண்டே இருக்கும், மாற மாறச் சிக்கலும் வளரும், சிக்கலைக் குறைப்பதற்கென்று தனியாகப் பாடுபட்டாலன்றி அது தானாகக் குறையாது என்று 1970-களிலேயே கண்டு சொன்னார்கள். நம் ஊர் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்று ஓர் ஏற்பாட்டை வைத்த பெரியவர்களுக்கு இந்தச் சேதி அதிசயமாக இராது.

"சரி, குப்பை இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. அதனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம். ஒரு குடி உண்மையிலேயே முழுகிப் போயிற்று. அந்தக் கதையைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஜெர்ஸி ஸிடியில் நைட் காப்பிடல் என்றொரு ஸ்தாபனம் இருந்தது. ஷேர் மார்க்கெட்டில் பிறருக்காக வாங்கி விற்பது அதன் தொழில். மிகப் பெரிய தொழில். வாங்கும் விற்கும் ஆர்டர்களை மார்க்கெட்டுகளுக்கு அனுப்பும் வேலையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று செய்து வந்தது. அதற்குள் 'பவர் பெக்' என்று ஒரு பகுதி. 2003-ஆம் வருஷத்தில் அதை உபயோகிப்பதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினார்களே தவிர, நீக்கவில்லை. அது பரணிலேயே கிடந்தது.

இந்தப் பவர் பெக், வந்த ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்து அனுப்பும். 'கேட்ட அளவு முடிந்தது, இனி அனுப்பாதே' என்று எண்ணிப் பார்த்துத் தடுப்பதற்கு ஒரு காவற்காரனும் உண்டு. 2005-இல் வேறு ஏதோ சௌகரியத்துக்காக அந்தக் காவற்காரனை இடம் மாற்றி வைத்தார்கள். காவல் போன பிறகு பவர் பெக் எப்படி நடந்து கொள்ளும் என்று ஒருவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை. உபயோகத்தில் இல்லாததைப் பரீட்சிப்பானேன் என்று இருந்திருக்கலாம்.

ஏழு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. 2012-இல் நியூயார்க் ஷேர் மார்க்கெட்டில் ஒரு புதுத் திட்டம் ஆகஸ்டு முதல் தேதி ஆரம்பமாவதாக இருந்தது. அதற்காக நைட் காப்பிடலார் புதிய பகுதி எழுதினார்கள். புதிய பகுதியை இயக்க ஒரு குறி வேண்டும்; புரோகிராம்காரர்கள் இதைக் 'கொடி' என்பார்கள். கொடி ஏறியிருந்தால் இன்ன வேலை, இறங்கியிருந்தால் அந்த வேலை இல்லை. புதிதாக ஒரு கொடி நடுவதற்குப் பதிலாகப் பழைய பவர் பெக்கின் கொடியையே எடுத்துக் கொண்டார்கள். பவர் பெக்கை அகற்றிவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கத்தானே போகிறோம் என்பது அவர்கள் எண்ணம். எண்ணத்தில் பிசகில்லை. ஆனால் எட்டு கம்ப்யூட்டர்களில் இந்த மாறுதலைச் செய்ய வேண்டும். செய்தவர் ஏழில் செய்துவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரி பார்க்க வேண்டும் என்ற விதி அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

அன்று காலையில் மார்க்கெட் திறப்பதற்கு முன்பே, பவர் பெக்கின் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்கள் ஸ்தாபனத்து உத்தியோகஸ்தர்களுக்கு இயந்திரத்திடமிருந்து போயின. அபாயச் சங்கென்று அவற்றை யாரும் கருதவில்லை. ஒன்பதரை மணிக்கு மார்க்கெட் திறந்தது. ஏழு கம்ப்யூட்டர்கள் கொடியைப் புதிய அர்த்தத்தில் எடுத்துக் கொண்டன. எட்டாவது பழைய அர்த்தத்தில் எடுத்துக் கொண்டது. ஒன்பது வருஷம் நீறு பூத்துக் கிடந்த நெருப்பு கண் விழித்தது. தடுப்பதற்குக் காவற்காரன் இல்லை; ஆகவே ஆர்டர்மேல் ஆர்டராக அனுப்பிக் கொண்டேயிருந்தது. வாடிக்கைக்காரர்களிடமிருந்து வந்தவை 212 சிறு ஆர்டர்கள். முக்கால் மணி நேரத்தில் நடந்து முடிந்த பேரங்களோ 40 லட்சம். கைமாறிய ஷேர்கள் 39 கோடியே 70 லட்சத்துக்கு மேல்.

இதற்கு நடுவில் அவர்கள் செய்த ஒரு காரியம்தான் நம்மை மிகவும் சிந்திக்க வைக்கிறது. புதிய பகுதியில் ஏதோ கோளாறு என்று எண்ணி, சரியாக இருந்த ஏழு கம்ப்யூட்டர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். பிறகு கேட்பானேன்? ஒன்றில் எரிந்தது எட்டிலும் எரிந்தது. அவர்களை மூடர்கள் என்று நாம் சொல்லத் தயாராயில்லை. தம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்பதை வீட்டுக்காரரே அறியாதபோது, தீப்பிடித்த வேளையில் எந்தக் கதவைத் திறப்பது, எதை மூடுவது என்று எப்படித் தெரியும்?

நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். சில தினங்களுக்குள் வெளியார் 40 கோடி டாலர் முதல் போட்டுக் கை கொடுக்க வேண்டியதாயிற்று; மறு வருஷம் அந்த ஸ்தாபனம் இன்னொன்றோடு இணைந்து தன் தனி வாழ்வை இழந்தது. ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அமெரிக்க சர்க்கார் கமிஷன் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. மேலே நாம் கூறிய விவரங்களில் பெரும்பாலானவை அந்தக் கமிஷனின் 2013-ஆம் வருஷத்து உத்தரவில் உள்ளவை.

நமது நண்பரின் மனைவியார் கவனிக்க வேண்டும்: 2003-இல் ஒரு பையன் உட்கார்ந்து அந்தப் பகுதியை அழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தப் பையனுக்கும் சம்பள உயர்வு கிடைத்திராது என்பது வேறு விஷயம்.

இனி, இப்படிப்பட்ட குற்றங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிலவற்றை இயந்திரமே காட்டிக் கொடுக்கும். 1978-இல் பெல் ஆராய்ச்சிசாலையில் ஸ்டீபன் ஜான்ஸன் என்பவர் 'லின்ட்' என்று ஒரு புரோகிராம் செய்தார். துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறுக்கு இங்கிலீஷில் உள்ள பெயர் அது. பிறர் எழுதிய புரோகிராமைப் படித்து, 'இந்த வரிக்கு ஒரு நாளும் முறை வராது', 'இந்தப் பெயரை வைத்தாயே தவிர உபயோகிக்கவில்லை' என்று பிசிறு பொறுக்கிக் கொடுக்கும். அதன் சந்ததிகள் இன்று ஏராளம். இவற்றை அலட்சியம் செய்யலாகாது. ஆப்பிள் கம்பெனியின் புரோகிராம் ஒன்றில் ஒரே வரி தவறுதலாக இரு முறை விழுந்திருந்தது 2014-இல் தெரிய வந்தது. அதன் பலனாக அதற்குக் கீழே இருந்த சோதனை நடக்காமலே போயிற்று. எதிரில் இருப்பவன் தான் சொல்லும் ஆள்தானா என்று பார்க்க வேண்டிய சோதனை அது! 'இந்த வரிக்கு முறை வராது' என்னும் எச்சரிக்கையைக் கேட்டிருந்தால் அகப்பட்டிருக்கும்.

தாமஸ் மக்கேப் என்பவர் 1976-இல் வேறொரு அளவுகோல் கொடுத்தார். ஒரு பகுதிக்குள் 'இப்படியானால் இது, அப்படியானால் அது' என்று எத்தனை வழிகள் பிரிகின்றன என்று எண்ணுவது. பத்துக்கு மேற்பட்டால் ஜாக்கிரதை என்பது அவர் அபிப்பிராயம். எண்ணிக்கை உபயோகமானதுதான், ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி அலைகிறவர்களைக் கண்டால் நமக்குச் சற்றுப் பயம். வழிகள் பல பிரிந்தாலும் வருஷக் கணக்காக யாரும் கை வைக்க வேண்டியிராத பகுதி ஒன்று ஒழுங்காக வேலை செய்து கொண்டிருந்தால், அதை ஏன் கலைக்க வேண்டும்? புழங்காத அறையில் தூசி இருந்தால் இருக்கட்டும். நெருப்பு இல்லாமலிருந்தால் சரி. எல்லாரும் தினம் தடுக்கி விழும் சமையலறைப் படிதான் முதலில் செப்பனிட வேண்டியது. அந்தப் படி எது என்பதற்குச் சாட்சியும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் செய்து கொடுத்த 'கிட்' போன்ற சாதனங்கள், எந்த வரியை யார் எந்தத் தேதியில் மாற்றினார் என்று கணக்கப்பிள்ளையைப் போல் எழுதி வைத்திருக்கின்றன. அடிக்கடி மாறுவதும் அதே சமயத்தில் சிக்கலாயிருப்பதும் எந்தப் பகுதி என்று பார்த்தால் போதும். நோய் இருக்குமிடம் பெரும்பாலும் அங்கேதான்.

கண்டுபிடித்தாயிற்று, திருத்துவது எப்படி? முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்ற ஆசை, வாலிபர்களுக்கு முதலில் எழும். நெட்ஸ்கேப் என்ற கம்பெனி அவ்விதம் செய்தது. 1998-இல் தன் பழைய புரோகிராமைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கிற்று. நான்காம் பதிப்புக்குப் பின் ஐந்தாம் பதிப்பு வெளிவரவேயில்லை. ஆறாவது 2000-ஆம் வருஷம் நவம்பரில்தான் வந்தது. அதற்குள் மைக்ரோஸாப்ட் சந்தையைப் பிடித்துக் கொண்டுவிட்டது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த இரண்டு வருஷ இடைவெளி பெரிய பிசகு என்றே நாம் நினைக்கிறோம்.

அனுபவசாலிகள் மேற்கொள்ளும் வழி வேறு. மைக்கேல் பெதர்ஸ் என்பவர் இந்த விஷயத்தைப் பற்றி 2004-இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பழைய புரோகிராமைத் தொடுவதற்கு முன், அது இன்று எப்படி நடந்து கொள்கிறதோ அப்படியே, சரியோ தப்போ, சோதனைகளாகப் பதிந்து வைத்துக்கொள் என்பது அவர் உபதேசம். பிறகு ஒரு செங்கல்லை உருவி ஒரு செங்கல்லை வைக்க வேண்டியது. சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டியது. சரியாயிருந்தால் அடுத்த செங்கல். மார்ட்டின் பௌலர் 1999-இல் எழுதிய பிரசித்தமான புத்தகமும் இந்தச் சிறு சிறு அடிகளைத்தான் வகுத்துக் காட்டுகிறது. பெயர் தெளிவாயில்லையா, மாற்று. ஒரே காரியத்தை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறதா, ஓரிடத்தில் வை. நீண்ட பகுதியைப் பிரி. செப்பனிடும்போது செப்பனிடுவது மட்டுமே. அந்தச் சாக்கில் புது வசதி எதையும் நுழைக்கலாகாது. கேட்பதற்குச் சப்பென்று இருக்கிறது, அல்லவா? தூர் வாருவதைப் பார்ப்பதற்கும் கூட்டம் கூடுவதில்லை.

இதைக் கடனுக்கு ஒப்பிட்டவர் வார்ட் கன்னிங்ஹாம். அவசரத்துக்குக் கொஞ்சம் கடன் வாங்குவது தப்பில்லை, சீக்கிரமே அடைத்துவிட்டால் காரியம் வேகமாகவே நடக்கும், அடைக்காமல் போனால்தான் வட்டி ஆளை அமுக்கும் என்று 1992-இல் அவர் சொன்னார். நம்மவர்கள் அவருடைய பிற்பாதியை மறந்துவிட்டு முற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதாகக் கேள்வி.

நண்பரின் மனைவியாருக்கு இவ்வளவையும் சொல்லிக் கொண்டிருக்க அன்று அவகாசமில்லை. ஆகவே ஒரு சிறு சம்பவத்தை மட்டும் சொன்னோம்.

1982-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஆப்பிள் கம்பெனியில் 'லிஸா' என்ற கம்ப்யூட்டர் தயாராகிக் கொண்டிருந்தது. வாரா வாரம் எத்தனை வரி எழுதினாய் என்று ஒவ்வொரு இன்ஜினீயரும் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரிகள் ஏற்பாடு செய்தார்கள். பில் அட்கின்ஸன் என்பவர் அந்த வாரம், படம் வரையும் பகுதி ஒன்றைத் திருத்தி எழுதியிருந்தார். அது முன்னைக் காட்டிலும் ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக ஓடிற்று. சுமார் 2,000 வரிகளும் குறைந்து போயின. படிவம் வந்தது. சற்று யோசித்துவிட்டு, வரிக் கணக்கு என்ற இடத்தில் 'கழித்தல் 2,000' என்று எழிதிக் கொடுத்தார். சில வாரங்களுக்குப் பிறகு அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அம்மாள் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கள் ஆபீஸில் இன்னும் அந்தப் படிவம் இருக்கிறதாடா?"

"இருக்கிறது, அம்மா" என்றான் பையன்.

"அப்படியானால், நாளைக்கே பன்னிரண்டாயிரத்துக்கு முன்னால் கழித்தல் போட்டுக் கொடுத்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, நமக்கு இரண்டாவது காப்பி கொண்டு வர உள்ளே போனார்.